போடிமெட்டு ஏறிய ஜீப்பும் அரை அங்குல ஹைலமும்

ஒஹையோவில் டொலீடோ பக்கம் வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில்தான் அப்பா ஓட்டிய ஜீப் எனக்குப் புரிந்தது. வில்லிஸ் ஜீப் பிறந்த ஊர் இது. பனியில் பெட்ரோல் ஆவியாக அடம்பிடிக்கும். அதனால் போர்க்கால ஜீப்பில் இன்டேக் மேனிஃபோல்டை எக்ஸாஸ்டோடு ஒட்டவைத்துச் சூடேற்றினார்கள். 1953-ல் வந்த சிஜே-3பி மாடலில் இன்டேக் வால்வு ஹெட்டுக்குள் ஏறியது. என்ஜின் உயர்ந்தது, பானட்டும் உயர்ந்தது. கார்புரேட்டர் ஹெட்டின் மேலேயே போய் உட்கார்ந்தது. சூடு மட்டும் விட்டபாடில்லை. அமெரிக்காவில் 1968-ல் நிறுத்திய அந்த வண்டியை மஹிந்திரா அதற்குப் பிறகும் செய்துகொண்டிருந்தது.

அதைப் போடிநாயக்கனூரிலிருந்து மலையேற்றிப் பாருங்கள்! 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சுமார் 4,500 அடி. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட 15 சதவீதம் குறைவு. பெட்ரோல் சீக்கிரமே கொதிக்கும். லாரிக்கு ஒதுங்கி என்ஜினை அணைத்தால் போச்சு. ஃபேன் நிற்கும், ஹெட்டின் சூடு மேலே ஏறும், கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் பொங்கி உள்ளே வழியும். அப்புறம் எத்தனை செல்ஃப் அடித்தாலும் முனகல்தான். அப்பா பெட்ரோல் பம்ப் மேல் ஈரச்சாக்கைப் போடுவார். பின்சக்கரத்துக்குக் கட்டை வைப்பது லீவில் கூடப்போகும் என் வேலை.

பின்னால் உட்கார்ந்திருந்தது ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள். 1956 நவம்பர் 1-ல் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளாவோடு போய், போடிமெட்டு எல்லையாகவே நீடித்தது. ஆனாலும் காய் பறிக்கும் கைகள் இந்தப் பக்கமிருந்துதான் ஏறின. தோட்டத்தில் பேர் எழுதி முடித்துவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. ஜீப் நின்றால் பத்து வீட்டு உலை நின்றது. யாரும் அப்பாவைத் திட்டியதில்லை. அதுதான் அவரை அறுத்தது.

போடி மெக்கானிக் சொன்ன மருந்து, கார்புரேட்டருக்கு அடியில் ஒரு ஸ்பேசர். எதில் செய்வது? அலுமினியம் சூட்டை அப்படியே கடத்திவிடும், வீண். மரம் முதலில் நன்றாகத்தான் இருந்தது (அப்பா பலாக்கட்டையைச் செதுக்கிப் பார்த்தார்). பெட்ரோலில் ஊறி, காய்ந்து சுருங்கி, இடுக்கில் காற்று இழுத்தது, ஐட்லிங் தாறுமாறாயிற்று. கடைசியில் எலக்ட்ரிக் பேனல் போர்டுக்கு வைக்கும் ஹைலம் ஷீட். கால் அங்குலம் வைத்தபோது சூடு கொஞ்சம்தான் குறைந்தது. முக்கால் அங்குலத்தில் ஆக்சிலரேட்டர் ராடு எட்டவில்லை, ஏர் கிளீனர் குழாயும் பிய்த்துக்கொண்டது. அரை அங்குலத்தில் நின்றார்கள். ஓட்டை கார்புரேட்டர் வாயளவே, விளிம்பு முன்னே துருத்தக் கூடாது. நீள ஸ்டட், மேலும் கீழும் ஒவ்வொரு கேஸ்கெட். அந்தக் கோடை முழுக்க நான் கட்டையைத் தொடவில்லை.

பிறகு 80-களில் டீசல் ஜீப்புகள் வந்தன. கார்புரேட்டரே கிடையாது, ஸ்பேசர் எதற்கு? மீதியிருந்த ஹைலம் துண்டை அம்மா குழம்புச்சட்டிக்கு அடியில் வைக்க எடுத்துக்கொண்டார்.