தங்கும் எண்ணெய், தாங்கும் எண்ணெய்

சாவி கொடுத்து ஓட்டும் பழைய போனோகிராஃபில் எண்ணெய் கெட்டால் காதே கண்டுபிடித்துவிடும். பாட்டைப் பதிந்த எடிசனின் வார்ப்பு உருளைகள் நிமிடத்துக்கு 160 சுற்று ஓட வேண்டியவை. அச்சில் பிசுக்கேறி வேகம் 151க்கு இறங்கினால், பாட்டு அரைக் கட்டை கீழே போய்விடும்.

அந்தக் கருவி வீடுகளுக்குள் நுழைந்த 1890களில், நுண்ணிய இயந்திரங்களுக்கு அமெரிக்காவில் இரண்டு வகை எண்ணெய்கள் புழங்கின. ஒன்று, நியூ பெட்ஃபோர்டு துறைமுகம் பேர்பெற்ற எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெய். மற்றது, 1859இல் பென்சில்வேனியாவில் டிரேக் என்பவர் தோண்டிய எண்ணெய்க் கிணற்றுக்குப் பின் பெருகிய கனிம எண்ணெய்.

திமிங்கல எண்ணெய் உண்மையில் ஒரு திரவ மெழுகு. ஆளி விதை எண்ணெயைப் போலக் காய்ந்து படலமாகாது. குளிரிலும் அவ்வளவாகக் கெட்டிப்படாது. முக்கியமாக, விட்ட இடத்திலேயே உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். கனிம எண்ணெய் அப்படியல்ல. மெல்லியதாக இருந்தால் அச்சை விட்டு நழுவித் தகடெங்கும் பரவிவிடும்.

இந்த வேறுபாடு, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரில் பளிச்சென்று தெரியும். வேகம் கூடும்போது அதன் எடைகள் விரிந்து ஒரு வட்டத் தகட்டை இழுக்கும். தகடு ஒரு தோல் துண்டிலோ ஃபெல்ட் துண்டிலோ உரசி வேகத்தை அடக்கும். அந்தத் துண்டு காய்ந்தால் கீச்சொலி எழும், சுருதியும் ஆடும். அங்கே தேவை தங்கி நிற்கும் எண்ணெய்.

ஆனால் ஆண்டுகள் போகப் போகக் கணக்கு மாறுகிறது. விலங்குக் கொழுப்பிலிருந்து வந்த எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடையேறிப் புளிக்கும். அப்போது உண்டாகும் அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பை ஏற்றும். நன்கு சுத்திகரித்த கனிம எண்ணெயில் இந்தச் சிக்கல் இல்லை. விலையும் குறைவு. 1894இல் சைக்கிளை மனதில் வைத்து வந்த 3-இன்-1 எண்ணெயும் பின்னர் வீட்டுக் கருவிகளுக்கெல்லாம் பொதுவானது.

கருவியை ஓட்டும் பெரிய ஸ்பிரிங்குக்கு மட்டும் இரண்டும் உதவாது. அதற்குக் கிராஃபைட் கலந்த கிரீஸ் வேண்டும். அது இறுகினால் ஒட்டிய சுருள்கள் ‘டக்’கென்று விடுபட்டு இசையை உலுக்கும்.

அடிக்கடி துடைத்து எண்ணெயிட்டவருக்குத் திமிங்கல எண்ணெய் குறை வைத்திருக்காது. பரணில் போட்டு மறந்தவருக்குக் கனிம எண்ணெயே காவல். பழங்கருவிகளில் பல பரணில் கிடந்தவைதான். 1972இன் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் அமெரிக்காவில் திமிங்கல எண்ணெய்க்குக் கதவடைத்தது. அந்தச் சட்டம் வராவிட்டாலும் பழங்கருவிக்கு என் தேர்வு கனிம எண்ணெய்தான்.