பழைய அவுட்போர்டு என்ஜினும் நம் கடற்கரை வரலாறும்

சற்று நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

இந்த ஆண்டு மட்டும் நம் பிள்ளைகள் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபைபர் படகு வருது, பின்னாடி பழைய அவுட்போர்டு மாட்டியிருக்கு. என்ஜின் எந்த வருஷத்துதுன்னு தெரியல. வாங்கலாமா?" வரலாறு நடத்திய வாத்தியாரிடம் கேட்கும் கேள்வியா என்று சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார்கள். பழைய பொருள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அது யாருடையது, எந்தக் காலத்தது என்று கண்டுபிடிப்பதுதானே நம் பாடம். மெக்கானிக் விஷயங்கள், பாம்பனில் பட்டறை வைத்திருக்கும் என் தம்பி மகனிடம் பல மாலைகள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டவை.

முதலில் இந்த என்ஜின் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நார்வே நாட்டில் 1877-ல் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபோன ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ல் மில்வாக்கி நகரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வெயில் நாளில் ஏரியில் துடுப்புப் போட்டுப் போய் வருங்கால மனைவிக்கு ஐஸ்கிரீம் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டதாம், அந்த ஆத்திரத்தில் கண்டுபிடித்தாராம் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ போகட்டும். அந்த மனைவி பெஸ்தான் விளம்பரத்தையும் கடிதப் போக்குவரத்தையும் கவனித்து வியாபாரத்தை நிற்க வைத்தவர் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. முதல் என்ஜினின் சக்தி ஒன்றரைக் குதிரைத்திறன், எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. ஒரு ஆள் தூக்கிப் படகின் பின்பலகையில் மாட்டிவிடலாம். அவருக்கு முன்பும் சிலர் முயன்றார்கள். ஆனால் பரவலாக விற்றுப் பெயர் வாங்கியது இதுதான். ஜப்பானின் யமஹா 1960-லும் சுசுகி 1965-லும் இந்தத் தொழிலுக்கு வந்தன.

இந்தியாவுக்கும் நார்வேக்கும் இதில் இன்னொரு தொடர்பு உண்டு. 1952-ல் இந்திய-நார்வே திட்டம் என்று ஒரு ஒப்பந்தம் கையெழுத்தாகி, கொல்லம் அருகே நீண்டகரையில் மீன்பிடிப் படகுகளுக்கு இயந்திரம் பொருத்தும் வேலை தொடங்கியது. நாட்டு வள்ளத்தை மேம்படுத்தத்தான் முதலில் நினைத்தார்கள். போகப்போக அது விசைப்படகும் இறால் ஏற்றுமதியும் என்று ஆனது. நம் கரையிலும் விசைப்படகுகள் பெருகின. பாய் விரித்துப் போகும் வள்ளக்காரர் காற்றுக்குக் காத்திருக்கையில், விசைப்படகு போய் அள்ளிக்கொண்டு வந்துவிடும். அதனால் எழுந்த சண்டைகள் உங்கள் தாத்தாக்களுக்குத் தெரியும். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்ற தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் வந்தது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடும் இந்தச் சண்டைகளின் பிள்ளைதான்.

1980-களில் கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் சிறு வள்ளங்களில் அவுட்போர்டு வேகமாகப் பரவியது. மீன் கரையை விட்டுத் தள்ளிப் போய்விட்டது, பாயை நம்பினால் நேரத்துக்குச் சந்தைக்கு வர முடியாது. ஒருவர் மாட்டினால் பக்கத்து வீட்டுக்காரரும் மாட்டியே ஆகவேண்டும் என்ற நிலை. என்னைக் கேட்டால், ஆசைப்பட்டு வாங்கியவர்களைவிட வேறு வழியில்லாமல் வாங்கியவர்களே அதிகம். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய கரை, சீமெண்ணெய்க் கேனைத் தூக்கத் தொடங்கியது அப்படித்தான். நம் மாவட்டத்து வள்ளங்களில் உள்ளே பொருத்தும் டீசல் என்ஜினும் நீளத் தண்டு வைத்த என்ஜினும் அதிகம். கிரீவ்ஸ் லொம்பார்டினி என்ற பெயரைக் கேட்காத மீனவர் வீடு இருக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரை முழுவதும் ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. கையில் வரும் பழைய என்ஜின் எந்த ஊரிலிருந்து எத்தனை கை மாறி வந்தது என்று சொல்ல ஆள் இல்லாமல் போனது.

இனி நம் கேள்விக்கு வருவோம். என்ஜினின் மேல்மூடியில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பாதீர்கள். சோழர் கல்வெட்டில் மெய்க்கீர்த்தி வருமே, அதுபோல அது புகழ் மட்டும்தான் பேசும். 25 குதிரைத்திறன் என்ஜினுக்கு 40 குதிரைத்திறன் மூடியை மாட்டுவது ஐந்து நிமிட வேலை. ஆட்சியாண்டு வேறு இடத்தில் இருக்கிறது. படகின் பின்பலகையைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பிடியில், பெரும்பாலும் இடது பக்கம், கட்டைவிரல் அகலத்தில் ஒரு தகடோ வில்லையோ இருக்கும். மாடலும் வரிசை எண்ணும் அதில்தான். யமஹாவில் மூன்று எழுத்து-எண் கொண்ட ஒரு குறி கிடைக்கும். 66டி என்றிருந்தால் அது என்டியூரோ 40. உதிரிப் பாகங்களின் எண்ணும் இப்படி ஒரு குறியோடுதான் தொடங்கும், அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்காகச் செய்யப்பட்டதோ அந்த மாடலின் குறி. இது தெரிந்தால் கடைக்காரரிடம் "யமஹா பழசுக்கு ஒரு ரப்பர் குடுங்க" என்று கேட்டு ஏமாற வேண்டியதில்லை.

எவின்ரூட், ஜான்சன் என்ஜின்களில் ஒரு வேடிக்கை உண்டு. 1980-க்குப் பிந்தியவற்றில் ஆண்டை ஒரு ஆங்கிலச் சொல்லுக்குள் ஒளித்து வைத்தார்கள். 'இன்ட்ரடியூசஸ்' என்ற சொல்லில் பத்து எழுத்து, ஒன்றும் திரும்ப வராது. முதல் எழுத்து 1, ஒன்பதாவது 9, கடைசி எழுத்து 0. மாடல் எண்ணில் ஆண்டுக்குரிய இடத்தில் சி, ஓ என்று இருந்தால் எட்டு, ஐந்து. 1985-ம் ஆண்டு என்ஜின். மேளகர்த்தா ராகப் பெயர்களில் எண்ணை வைத்த நம் கடபயாதிக்கு இது தூரத்துச் சொந்தம். எவின்ரூட் 2020-ல் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. அதனால் அதை வாங்குமுன் உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிடுங்கள்.

தகட்டைப் பெயர்த்து, எண்ணை அரத்தால் ராவியிருந்தால்? விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில் வடக்கு மீனவர்களுக்குக் குதிரைத்திறன் கட்டுப்பாடு இருந்தது. நம் கரையிலும் அவுட்போர்டு வாங்குவதும் விற்பதும் காவல்துறை கேள்வி கேட்கும் காரியமாக இருந்தது. 2009-ல் போர் முடிந்தது, கடத்தல் பற்றிய சந்தேகம் முடியவில்லை. எண் இல்லாத என்ஜின் யாருடையது என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறவர் கடைசியாக அதை வைத்திருப்பவர்தான்.

அடுத்து, ஓட்டிப் பார்ப்பது. கியர் இருக்கும் அடிப்பகுதியின் கீழ்த் திருகைக் கழற்றுங்கள். எண்ணெய் மோர் போல வெளுத்து வந்தால் சீல் போய்க் கடல்நீர் உள்ளே இறங்கியிருக்கிறது. பிளக்குகளைக் கழற்றி, துளையைக் கட்டைவிரலால் மூடிக் கயிற்றை மெல்ல இழுங்கள், விரலைத் தள்ள வேண்டும். இரண்டு சிலிண்டரிலும் அந்தத் தள்ளல் ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஒன்றில் பலமாகவும் ஒன்றில் தொய்வாகவும் இருந்தால் செலவு பெரிது. என்ஜின் ஓடும்போது பின்னால் ஒரு சின்னத் துவாரத்தில் தண்ணீர் பீச்சும். அதற்குக் கடற்கரைப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. அது நின்றால் உடனே என்ஜினை நிறுத்துங்கள். துவாரத்தில் உப்போ மண்ணோ அடைத்திருக்கலாம், அல்லது தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கை தேய்ந்திருக்கும். சில நூறு ரூபாய் ரப்பருக்குச் சோம்பல் பட்டு முழு என்ஜினையும் சூட்டில் பிடிக்கவிட்டவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

சீமெண்ணெய் என்ஜினுக்குத் தனி ஒழுக்கம் உண்டு. பெட்ரோலில் தொடங்கி, சூடேறிய பிறகு சீமெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு வரவேண்டும். சீமெண்ணெயிலேயே நிறுத்திவிட்டால் அடுத்த முறை குளிர்ந்த என்ஜின் அதை எரிக்காது, பிளக் ஈரமாகிக் கறுத்துப்போகும். இன்னொன்று: சீமெண்ணெய் என்ஜினில் உள் அழுத்தம் குறைவாக இருக்கும்படிதான் செய்திருப்பார்கள். பெட்ரோல் என்ஜினில் மலிவாக இருக்கிறதே என்று சீமெண்ணெய் ஊற்றினால் உள்ளே தட்டித் தட்டியே பிஸ்டன் போய்விடும். இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருப்பதால்தான் தகட்டைப் படிக்கச் சொல்கிறேன்.

நடுக்கடலில் நின்றுவிட்டால் பதறாமல் வரிசையாகப் பாருங்கள். எண்ணெய் வருகிறதா, டாங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா. பிறகு பிளக்கில் பொறி வருகிறதா. என்ஜின் இரைகிறது, படகு மட்டும் நகரவில்லை என்றால் விசிறியின் பின் முறிந்திருக்கும், அல்லது அதன் உள் ரப்பர் வழுக்கும்.

மற்ற கரைகளில் என்ஜின் நின்றால் ஒரு நாள் வருமானம் போகும். நம் பாக் விரிகுடாவில் கச்சான் அடிக்கும்போது நின்ற படகு கிழக்கே இழுபடும். 1974-லும் 1976-லும் இரண்டு அரசுகள் காகிதத்தில் போட்ட கோடு தண்ணீரில் தெரியாது. இழுபட்டுப் போனவரையும் எல்லை தாண்டியவர் என்றுதான் எழுதுவார்கள். படகு போகும், மாதக்கணக்கில் வழக்கு நடக்கும், வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் பழைய என்ஜின் வாங்குகிறவர் ஒரு ஜோடி பிளக், பிளக் சாவி, விசிறிப் பின், இவற்றோடு ஒரு நங்கூரமும் நல்ல கயிறும் இல்லாமல் போகவே கூடாது. பழைய பாய் ஒன்று வீட்டுப் பரணில் கிடந்தால் அதையும் படகில் போடுங்கள். தொண்டிப் பக்கம் திருவிழாவில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும்போது வேடிக்கை பார்த்தால் மட்டும் போதாது. பாய் கட்டத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகும் என்ஜினின் தகட்டை உப்புப் போகத் துடைத்துவிட்டு, வெயிலில் நிழல் விழாமல் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தம்பி மகனும் நானும் சேர்ந்து படித்துச் சொல்கிறோம். மூடியின் ஸ்டிக்கர் படம் வேண்டாம்.