எண்கும் இரண்டாவது வெடியும்

சென்ற பருவத்தில் இளங்கலை மாணவர்களுக்கு அகநானூறு நடத்திக்கொண்டிருந்தோம். பாடலில் 'எண்கு' என்னும் சொல் வந்தது. எண்கு என்றால் கரடி. புற்றைப் பிளந்து குரும்பியைத் தின்பது. இருப்பைப் பூ உதிரும் இடங்களைத் தேடி வருவது என்று உரைகாரர் வழிநின்று விளக்கிக்கொண்டிருக்கையில், கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். பென்னாகரத்துக்கு மேற்கே, காட்டோரச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். "ஐயா, எங்க தாத்தா மூஞ்சியைக் கிழிச்சது அதுதான்" என்றார்.

வகுப்பு அமைதியாயிற்று. அவருடைய பாட்டனார் நிலக்கடலைக் கொல்லைக்குக் காவல் இருந்தவர். பன்றியை விரட்டுவதற்காக உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கியும் அவரிடம் இருந்ததாம். விடியற்காலையில் ஒற்றையடிப் பாதையின் திருப்பத்தில் கரடி எதிர்ப்பட்டது. சுட்டார், குறி தவறியது. "துப்பாக்கி இருந்தும் ஏன் தப்பிக்க முடியலன்னு கேட்டா, ஒரு வெடிதானே வெடிக்கும், அடுத்ததுக்கு மருந்து கெட்டிக்கிற வரைக்கும் கரடி நிக்குமான்னு சிரிப்பாரு" என்றார் மாணவர்.

அந்தச் சிரிப்பு நம்மை வெகுநாள் விடவில்லை. பாதையின் திருப்பத்தில் கரடியை எதிர்கொள்ளும் மனிதனுக்கு இரண்டாவது வெடி ஏன் வாய்க்கவில்லை? இது கருவி பற்றிய கேள்வி போலத் தோன்றும். தேடிப் பார்த்தால் சட்டத்தின் வரலாற்றில் கொண்டுபோய் விடுகிறது.

முதலில் விலங்கைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். நம் காடுகளில் வாழும் கரடி, ஐரோப்பிய விலங்கியலாரை முதலில் குழப்பிய ஒன்று. 1791இல் இதற்குப் பெயரிட்ட ஷா என்பவர், நீண்ட நகங்களைக் கண்டு, தென்னமெரிக்காவின் மரந்தொங்கி விலங்கான 'ஸ்லாத்' இனத்தில் இதனைச் சேர்த்துவிட்டார். தவறு பின்னர் திருத்தப்பட்டது; ஆயினும் ஆங்கிலப் பெயரில் அந்த 'ஸ்லாத்' இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேல்தாடையின் முன்பற்களில் நடுவில் இரண்டு இதற்கு இல்லை. அந்த இடைவெளி வழியே கறையானை உறிஞ்சித் தின்னும். மனிதனைத் தின்னும் நோக்கம் இதற்குக் கிடையாது. ஆனால் பார்வை கூர்மையற்றது. புற்றைத் தோண்டும் மும்முரத்தில் காலடி ஓசையையும் கவனியாது. ஆள் மிக அருகில் வந்த பிறகே திடுக்கிட்டு நிமிரும். நிமிர்ந்ததும் ஓடுவதைவிடப் பாய்வதே மிகுதி. குட்டியை முதுகில் சுமந்து செல்லும் தாய்க்கரடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாய்ந்தால் முகத்தையும் தலையையும் குறிவைக்கும்.

ஆகவே கரடிக்கு எதிரான தற்காப்பு என்பது சில அடித் தொலைவில், ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும் ஒரு நிகழ்வு. தொலைவிலுள்ள மானைக் குறிபார்க்கும் துப்பாக்கிக்கு இங்கே வேலையில்லை. குட்டையாய், புதரில் மாட்டாததாய், தோளுக்கு உடனே ஏறுவதாய், முதல் வெடி தவறினால் மறுநொடியே அடுத்ததைத் தருவதாய் இருக்க வேண்டும். இந்தத் தேவைகளுக்கு அமெரிக்கர் கண்ட விடைகளுள் ஒன்றுதான் நெம்புகோல் துப்பாக்கி.

இதன் அமைப்பு எளியது. விசையைச் சுற்றியுள்ள இரும்பு வளையமே நெம்புகோல். சுட்டபின் அவ்வளையத்தைக் கீழ்நோக்கித் தள்ளினால் வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் புதுத் தோட்டா அறைக்குள் ஏறும். 1860இல் ஹென்றி என்பவர் பெயரால் வந்து, வின்செஸ்டர் நிறுவனத்தின் வழியே பரவிய இவ்வகையில், தோட்டாக்கள் குழலுக்கு அடியில் மற்றொரு நீள்குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தன. கூர்முனைத் தோட்டாவை இப்படி அடுக்கினால், பின்னுள்ளதன் முனை முன்னுள்ளதன் வெடிமுனையில் இடித்து வெடித்துவிடும் அபாயம் உண்டு. ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1895 மாதிரி இக்குறையை நீக்கியது. அதில் குழாய்க்குப் பதிலாக, விசைக்கு முன்னால் ஒரு பெட்டியறை வைத்தார். வலிமையான தோட்டாக்களுக்கு இதனால் வழி பிறந்தது. 1904இல் இதற்கென வந்த .405 தோட்டாவின் ஈயக் குண்டு 300 கிரெயின், அதாவது ஏறத்தாழ 19 கிராம் எடை. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2,200 அடி. 1909இல் ஆப்பிரிக்கா சென்ற தியோடர் ரூஸ்வெல்ட் இதைக் கொண்டுபோய், சிங்கத்துக்கு இதுவே மருந்து என்ற பொருளில் புகழ்ந்தெழுதினார்.

இந்தத் துப்பாக்கி நம் தருமபுரிக் காட்டுக்கும் வந்தது. கொண்டுவந்தவர் கென்னத் ஆண்டர்சன் (1910-1974). ஸ்காட்லாந்து வழிக் குடும்பத்தில் பிறந்து, பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். விடுமுறை தோறும் அவர் கால்கள் நடந்த இடங்களை இன்றைய வரைபடத்தில் தேடினால், பென்னாகரம், ஒகேனக்கல், சின்னாறு, அஞ்செட்டி, சவளகிரி என்று வரும். 1954இல் வெளிவந்த அவரது முதல் நூலிலேயே சவளகிரிப் புலியும் பென்னாகரம் பக்கத்துப் பனப்பட்டி யானையும் இடம்பெறுகின்றன. அன்று இவ்விடங்கள் சேலம் மாவட்டத்துக்கு உட்பட்டவை. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல். அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல்.

ஆண்டர்சனின் கதைகளில் திரும்பத் திரும்ப வருவது அந்த .405 வின்செஸ்டர். இரவு வேட்டைக்காக அதில் மின்விளக்கைப் பொருத்திக்கொண்டார். கருவியைத் தன் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்வது என்பது அன்றே இருந்தது. மைசூர்ப் பக்கம் அரசிக்கெரெ அருகே மனிதரைத் தாக்கிக் கொன்ற கரடி ஒன்றை அவர் வேட்டையாடிய வரலாறும் அவர் நூல்களில் உண்டு. பெருஞ்சீமான்கள் வைத்திருந்த ஆங்கிலேய இரட்டைக்குழல் துப்பாக்கிகள் கைவினைப் பொருள்கள். விலை மிக அதிகம். வின்செஸ்டர் தொழிற்சாலைச் சரக்கு. அவற்றை நோக்க மலிவானது. பெட்டியறையில் நான்கு தோட்டா. சுடும் அறையில் ஒன்று. பாதையின் திருப்பத்தில் கரடியைக் காண்பவருக்கு ஐந்து வாய்ப்புகள்.

அதே நூல்களில் இன்னொரு மனிதர் வருகிறார். சின்னாற்றங்கரையில் வாழ்ந்த பூசாரி பழங்குடியைச் சேர்ந்த பைரா. ஆண்டர்சனுக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்தவர்களுள் முதன்மையானவர். தடம் பார்ப்பதிலும் ஓசையறிவதிலும் பைராவுக்குத் தான் ஈடில்லை என்று ஆண்டர்சன் மனமாரப் போற்றுகிறார். ஆனால் பைரா நமக்கு அறிமுகமாவது கள்ள வேட்டைக்காரராக. பென்னாகரத்து ரங்காவும் அப்படியே. ஒரே காடு, ஒரே விலங்கு. ஒருவர் வேட்டைக்காரர், மற்றவர் கள்ள வேட்டைக்காரர். இடையில் இருப்பது ஒரு காகிதம்.

அந்தக் காகிதத்தின் கதை 1878இல் தொடங்குகிறது. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது இயற்றப்பட்ட ஆயுதச் சட்டம், உரிமமின்றி இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியருக்கு விதிகளின் வழியே விலக்கு அளித்தது. காங்கிரஸ் இதைத் தொடர்ந்து எதிர்த்தது. அகிம்சையைப் போதித்த காந்தியடிகளே இச்சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார் என்பது கவனத்திற்குரியது. பின்னாளில் இனப் பாகுபாடு விதிகளின் எழுத்திலிருந்து நீங்கியது. ஆயினும் உரிமம் என்பது மனு எழுதத் தெரிந்தவருக்கும், அதிகாரியின் வாசலில் மதிக்கப்படுபவருக்கும் எட்டிய பொருளாகவே இருந்தது. சின்னாற்றங்கரையில் வாழ்ந்தவர் எந்த வாசலில் போய் நிற்பார்?

நாடு விடுதலை பெற்றபின் வந்த 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைப் படித்துப் பார்த்தோம். அதன் 13ஆம் பிரிவு, தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய, உட்புறம் வழவழப்பான துப்பாக்கியையும், பயிர்க்காப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும் ஒரு தனி வகையாக எடுத்துரைக்கிறது. உழவனுக்குச் சட்டம் நினைத்துப் பார்த்த துப்பாக்கி எது என்பது இங்கே தெளிவாகிறது. கருமருந்தைக் கொட்டி, துணி திணித்து, ரவை போட்டு, கோலால் இடித்து, பின் எடுத்துச் சுடும் துப்பாக்கி அது. தேர்ந்த கைக்கும் அரை நிமிடம் பிடிக்கும். பாட்டனார் சிரித்த சிரிப்புக்குச் சட்டத்தில் பிரிவு எண்ணே இருக்கிறது.

இன்று அமெரிக்காவின் மலைக்காடுகளில் செல்வோர், கரடிக்கு அஞ்சிக் குட்டையான நெம்புகோல் துப்பாக்கிகளைத் தெரிந்தெடுக்கின்றனர். மார்லின் நிறுவனம் 1998இல் கொண்டுவந்த பதினெட்டரை அங்குலக் குழலுடைய 'கைடு கன்' அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் கையுறையோடு இயக்கப் பெரிய வளையம் மாட்டுகிறார்கள். விரைந்து குறிபார்க்கத் துளைக்குறி பொருத்துகிறார்கள். கட்டையில் கூடுதல் தோட்டா செருகும் பட்டை தைக்கிறார்கள். இந்தியாவிலோ, உரிமமின்றித் துப்பாக்கிக் குழலைக் குறைப்பதை அதே 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. நகரத்துக் குற்றங்களை எண்ணிப் பார்த்தால் அத்தடை நியாயமானதே. அதை நாம் குறைகூறவில்லை.

அப்படியானால் அந்த இரண்டாவது வெடி கிடைத்திருந்தால் பாட்டனார் முகம் தப்பியிருக்குமா? இங்கேதான் நம் கோபத்தைச் சற்று நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை துப்பாக்கி கையில் இருந்தபோது நிகழ்ந்த 269 கரடி எதிர்ப்பாடுகளை ஆய்வாளர்கள் தொகுத்து 2012இல் வெளியிட்டனர். நீள்துப்பாக்கிகள் கரடியைத் தடுத்தது 76 விழுக்காடு, கைத்துப்பாக்கிகள் 84. ஆனால் துப்பாக்கியைப் பயன்படுத்தியோரும், கையில் இருந்தும் பயன்படுத்தாதோரும் காயமடைந்ததில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. எடுத்துக் குறிபார்க்க நேரம் போதாமையே பல தோல்விகளுக்குக் காரணம். அதே ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் குப்பி பழுப்புக் கரடிகளை 92 விழுக்காடு தடுத்ததாகக் கண்டனர். அவர்களுடைய கரடி வேறு, நம் கரடி வேறு என்பது உண்மை. எனினும் திருப்பத்தில் கிடைக்கும் நொடிகள் எங்கும் ஒன்றுதான்.

காட்டோர மக்கள் துப்பாக்கியை மட்டும் நம்பி வாழ்ந்தவர்களும் அல்லர். இருவர் மூவராகச் செல்வது, பேசிக்கொண்டும் கோலால் தட்டிக்கொண்டும் நடப்பது, இலுப்பை உதிரும் நாளில் விடியலுக்கு முன் தோப்புக்குள் புகாதிருப்பது போன்றவை உரிமம் வேண்டாத காவல்கள். விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் செல்லும் பெண்கள் கையில் எக்காலத்திலும் துப்பாக்கி இருந்ததில்லை என்பதையும் மறந்துவிடலாகாது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையின் ஏட்டை மூடிவிட்டது. கரடி இன்று அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது. உயிர்காக்கும் நன்னோக்கோடு விலங்கைக் கொல்வதோ காயப்படுத்துவதோ குற்றமன்று என்று அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. 2014இல் இப்பகுதிக் காடுகளின் பெரும்பரப்பு காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. இவை வேண்டிய மாற்றங்கள் என்றே கருதுகிறோம். கரடியில்லாத காட்டில் எண்கு என்னும் சொல்லுக்கு உரைகாரர் மட்டுமே துணையிருப்பார்.

ஆனால் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. தருமபுரி மண் நடுகற்களுக்குப் பெயர்போனது. புலியோடும் பன்றியோடும் பொருது மாண்டவர்க்கு ஊரார் கல் நட்டார்கள்; பெயரைப் பொறித்தார்கள். நெம்புகோல் துப்பாக்கி ஏந்தியவர்க்கு அவரே எழுதிய நூல்கள் கல்லாயின. ஒற்றை வெடியோடு நின்றவர்க்கும், வெறுங்கையோடு சென்றவர்க்கும் எதுவும் நடப்படவில்லை. 'கள்ள வேட்டைக்காரன்' என்ற சொல்லே அவர்களுள் சிலர்க்கு எஞ்சியது.

அடுத்த வகுப்பில் அந்த மாணவரை அழைத்து, எண்கு வரும் பாடலுக்கு அவரையே உரை சொல்லச் சொன்னோம். குரும்பி என்றால் என்ன, புற்றின் எந்தப் பகுதியில் அது இருக்கும், கரடி அதை எந்நேரத்தில் தோண்டும் என்று பாட்டனாரிடம் கேட்டறிந்து வந்து சொன்னார். நம் கையிலிருந்த உரைநூலில் அவ்வளவு இல்லை.