ஒரு வோல்ட்

போன மாதம் நண்பன் ஒருவன் கேட்டான்: “650 வோல்ட் கேலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் ஒன்று வாங்கியிருக்கேன். எந்த கேட் டிரைவர் போடலாம்?” நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ், பிழைப்பது கோட் எழுதி. ஆனாலும் டேட்டாஷீட்டைத் திறந்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் 1979-ல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருஷம்தான் இன்டர்நேஷனல் ரெக்டிஃபையர் நிறுவனம் ஹெக்ஸ்ஃபெட் என்ற பவர் மாஸ்ஃபெட்டைக் கொண்டுவந்தது. உருவாக்கியவர்களில் ஒருவர் அலெக்ஸ் லிடோ. சிலிக்கான் மாஸ்ஃபெட்டின் கேட் ஒரு பொறுமைசாலி. 10, 12 வோல்ட் கொடுத்தால் முழுசாக ஆன் ஆகும். பெரும்பாலும் 20 வரை தாங்கும். அந்தத் தாராளத்தை நம்பித்தான் இத்தனை வருஷ டிரைவர் சிப்புகளும் வளர்ந்தன.

2007-ல் அதே லிடோ எஃபிஷியன்ட் பவர் கன்வர்ஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தான் வளர்த்த சிலிக்கானுக்குத் தானே போட்டி. அவர்களுடைய கேலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் முழுசாக ஆன் ஆக 5 வோல்ட் வேண்டும். 6-க்கு மேல் போனால் கேட் காலி. நடுவில் இருப்பது ஒரே ஒரு வோல்ட்.

இந்த ஒரு வோல்ட்டைப் பழைய சர்க்யூட்டே தின்றுவிடும். மேல் சுவிட்சின் டிரைவருக்கு மின்சாரம் தருவது பூட்ஸ்ட்ராப் கெபாசிட்டர். மாஸ்ஃபெட்டுக்குள் இயல்பாகவே ஒரு டயோடு உண்டு, இதில் கிடையாது. இரண்டு சுவிட்சும் அணைந்திருக்கும் சில நானோசெகண்டில் கீழ் டிரான்சிஸ்டர் வழியாகவே கரன்ட் பின்னோக்கி ஓடும்; நடுப்புள்ளி தரைக்குக் கீழே 2 வோல்ட்டுக்கும் மேல் இறங்கிவிடும். அந்த அதிகப்படி கெபாசிட்டரில் ஏறிக்கொள்ளும். 5 என்று நினைத்துக் கொடுத்தது 6-ஐத் தாண்டும். யாரும் தப்பு செய்யவில்லை, ஆனால் டிரான்சிஸ்டர் செத்துப்போச்சு. 2011-ல் நேஷனல் செமிகண்டக்டர் கொண்டுவந்த எல்எம்5113 இதற்காகவே அந்த மின்னழுத்தத்தை 5.2 வோல்ட்டில் பிடித்து நிறுத்தியது. அது 100 வோல்ட் சர்க்யூட்டுகளுக்கானது.

600 வோல்ட் பக்கம் வந்தால் கதை வேறு. கேலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரின் இயல்பே, கேட்டில் எதுவும் கொடுக்காவிட்டாலும் ஆனில் இருப்பது. பவர் சப்ளைக்கு இது ஆபத்து. உமேஷ் மிஸ்ராவும் பிரிமித் பாரிக்கும் தொடங்கிய டிரான்ஸ்ஃபார்ம், அதன் முன்னால் குறைந்த வோல்ட் சிலிக்கான் மாஸ்ஃபெட் ஒன்றைத் தொடராக வைத்தது. பெயர் கேஸ்கோடு. வெளியிலிருந்து பார்த்தால் பழைய மாஸ்ஃபெட்தான். பழைய டிரைவரே போதும். எங்கள் தொழிலில் இதை ராப்பர் என்போம். சிலர் இதை மட்டமாகப் பேசுவார்கள், எனக்கு மரியாதை உண்டு. பழைய கோடை உடைக்காமல் புதுசைக் கொண்டுவருவது லேசான வேலையா என்ன?

பானசோனிக் வேறு வழியில் போனது. அவர்கள் கேட் டயோடு மாதிரி நடந்துகொள்ளும்: சுமார் 3.5 வோல்ட்டில் தானே நின்றுவிடும், ஆனால் ஆனில் இருக்கும்வரை சில மில்லியாம்ப் கரன்ட் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு டிரைவருக்கும் கேட்டுக்கும் நடுவே ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்த சின்ன வலை வேண்டும். கனடாவின் கேன் சிஸ்டம்ஸ் 6 வோல்ட் கேட்டது. ஆக, ‘கேலியம் நைட்ரைடு டிரைவர்’ என்று ஒன்று கிடையாது. எந்தக் குடும்பத்து டிரான்சிஸ்டர் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

எனக்குத் தூக்கம் கெடுத்தது வேறு கணக்கு. ஒரு நானோஹென்றி இன்டக்டன்ஸ் வழியாக நானோசெகண்டுக்கு ஒரு ஆம்பியர் வேகத்தில் கரன்ட் மாறினால் ஒரு வோல்ட் உருவாகும். ஒரு நானோஹென்றி என்பது போர்டில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தாமிரப் பாதை. இதனால்தான் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் நாவிடாஸும் டிரைவரையே டிரான்சிஸ்டரின் பொட்டலத்துக்குள் கொண்டுபோனார்கள். பாதையே இல்லையென்றால் சண்டையும் இல்லை.

நண்பன் வாங்கியது 6 வோல்ட் குடும்பம். கையில் வைத்திருந்த டிரைவர் பழைய மாஸ்ஃபெட்டுக்கானது. சப்ளை 8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தானே அணைந்துவிடும் வகை. 6 கொடுத்தால் எழவே எழாது, 12 கொடுத்தால் கேட் போய்விடும். அதை ஓரமாக வைக்கச் சொன்னேன். குறைந்த வோல்ட்டில் விழிப்பது, நானோசெகண்டுக்கு 100 வோல்ட் எகிறினாலும் உளறாத ஐசோலேஷன் உள்ளது, இந்த இரண்டையும் பார்த்து வாங்கச் சொன்னேன். கேட்டுக்கு ஒட்டினாற்போல வை என்றேன்.

“எவ்வளவு ஒட்டி?”

“ஸ்கேல் எடுத்து மில்லிமீட்டர்ல அளந்து சொல்லு, பார்ப்போம்.”