சீனக் கல்லிலே தமிழ்!

முத்துக் குளித்த கடற்கரை இது. கொற்கை மங்கிற்று, காயல் மணலில் மறைந்தது, தூத்துக்குடி தழைத்தது. துறைகள் மாறின, கடல் மாறவில்லை. அந்தக் கடலின் மறுகோடியிலிருந்த சீனப் பெருநாட்டை இக்கரையினர் ஏடு படித்து அறியவில்லை. கலம் கண்டு அறிந்தனர். இன்று சீனத்தைப் பற்றி நாம் அறிந்தது என்ன? ஒருபுறம் அச்சம், மறுபுறம் வியப்பு, இடையிலே கடைத்தெருவில் குவியும் மலிவுப் பொருள்கள்! அறிவு எங்கே?

சீனத்தின் சமுதாயம், அரசியல், அயல்நாட்டு உறவு குறித்துப் பல்கலைக்கழகங்களிலே பொதுச் சொற்பொழிவுகள் நிகழ்கின்றன. நல்ல பணி, வரவேற்கிறோம். ஆனால், 'பொது' என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்கு முன்னர், வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

முத்தின் பெருமையைப் பாடாத புலவரில்லை. முத்தெடுத்தவன் கதையைச் சொன்னவர் யார்? கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூசு', கொற்கையிலே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று குறிக்கிறது. மன்னன் மார்பிலே முத்தாரம்; மூழ்கியவன் காலிலே விலங்கு!

1292-ஐ ஒட்டிச் சீனத்திலிருந்து கப்பலேறித் தாயகம் திரும்பிய வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, இக்கரையையும் கண்டு எழுதினார். தாமிரபரணி முகத்துவாரத்துக் காயலின் வாணிப வளத்தை விவரித்த அவர், முத்துக்குளிப்பின் கணக்கையும் சொல்கிறார். மன்னனுக்குப் பத்தில் ஒரு பங்கு. மூழ்குவோரைப் பெருமீன்கள் தாக்காதபடி மந்திரம் ஓதும் பார்ப்பனருக்கு இருபதில் ஒரு பங்கு! அந்த மந்திரம் பகலில் மட்டுமே வேலை செய்யுமாம். இரவு வந்தால் அதை அவிழ்த்துவிடுவார்களாம். உயிரைப் பணயம் வைத்து மூழ்குகிறவன் ஒருவன். கரையில் நின்று முணுமுணுத்துப் பங்கு பெறுகிறவன் மற்றொருவன். இந்தக் கணக்கை நமக்குச் சொல்லச் சீனத்திலிருந்து திரும்பிய வழிப்போக்கர் ஒருவர் வரவேண்டியிருந்தது.

இக்கரை சோழராட்சியில் இருந்தபோது, இராசராசன் அனுப்பிய தூதுக்குழு 1015-இல் சீனத்துச் சுங் பேரரசனின் அவையை அடைந்தது. காணிக்கைகளில் முத்துக்குச் சிறப்பிடம். 1077-இல் குலோத்துங்கன் காலத்தில் 72 பேர் கொண்ட குழு சென்றது. 81,800 சரம் செப்புக்காசு பெற்றுத் திரும்பியது. சீனத்தார் அதற்குத் திறை என்று பெயரிட்டனர். நம்மவர் நடத்தியதோ வாணிபம்! 1281-இல் சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்திலே தமிழ் வணிகர்கள் கோயில் எழுப்பி, மங்கோலியக் கான் நலம்பெற வேண்டித் தமிழிலே கல்வெட்டும் பொறித்தனர். வணிகன் எந்த நாட்டில் இருந்தாலும் ஆள்வோரின் நலத்தையே வேண்டுகிறான்; பக்தியிலும் ஒரு வரவு செலவு!

அடுத்துவரும் சான்றுதான் நம்மைத் தலைகுனிய வைப்பது.

மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் கெ, 1405 முதல் 1433 வரை ஏழு கடற்பயணங்களை நடத்தியவர். அவருடைய கலங்கள் சென்ற நாடுகளின் வரிசையில் நம் காயலும் இடம்பெறுகிறது. சீனத்திலேயே செதுக்கப்பட்டு, 1409 என்னும் காலக்குறிப்புடன் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட கல்லொன்று, 1911-இல் காலி நகரத்தில் மதகின் மூடுகல்லாகக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டது. இன்று அது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலே மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம்.

சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இசுலாத்தைப் போற்றுகிறது. காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே! தமிழிலே பொன் 1000 கழஞ்சு, வெள்ளி 5000 கழஞ்சு. கடவுளர் மூவர், காசு ஒன்று! ஆளுக்கேற்ற ஆண்டவன், துறைக்கேற்ற துதி. அரசு எந்தக் கடவுளை நம்பிற்று என்று ஆராய்வதை விட, எந்தக் கடவுளை எதற்குப் பயன்படுத்திற்று என்று ஆராய்வதே அறிவுடைமை. கல்லிலே நட்பும் காணிக்கையும் பேசிய அதே கடற்படை, 1411-இல் இலங்கைத் தலைவன் அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றது என்பதையும் மறந்துவிடக் கூடாது. காணிக்கை ஒரு கையில்; வாள் மறு கையில்.

ஆனால் ஒன்றைப் பாருங்கள்! இந்தக் கடலில் பேச வேண்டுமானால் தமிழிலே பேச வேண்டும் என்று 1409-இல் சீனப் பேரரசு உணர்ந்திருந்தது. 1962-இல் போர் மூண்டது; மறு ஆண்டே, 1963 ஆகஸ்டில், பீகிங் வானொலி தமிழிலே ஒலிபரப்பத் தொடங்கிற்று. சீனத் தலைநகரத்துப் பல்கலைக்கழகத்திலே தமிழ் பாடமாயிற்று. நம்மிடம் பேச அவர்கள் நம் மொழியைக் கற்றார்கள். அவர்களை அறிய நாம் என்ன செய்தோம்?

சாந்திநிகேதனில் 1937-இல் தாகூர் சீன பவனம் கண்டார். தில்லிப் பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வுக்கு 1964-இல் தனி இடம் பிறந்தது. ஆம், அடிபட்ட பிறகு! நம் சென்னைப் பல்கலைக்கழகம் 1939-இலேயே, தென்னாட்டைப் பற்றிய சீனக் குறிப்புகள் அடங்கிய நீலகண்ட சாத்திரியாரின் தொகுப்பை வெளியிட்டது. அரிய நூல், ஆங்கில நூல்! இன்றைய சொற்பொழிவுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றன. கல்லிலே சீனன் தமிழில் பேசினான். கல்விக்கூடத்திலே தமிழன், சீனனைப் பற்றித் தமிழனிடம் ஆங்கிலத்தில் பேசுகிறான்! இதற்குப் பெயர் பொதுச் சொற்பொழிவா?

"தூத்துக்குடிக்காரனுக்குச் சீன அரசியல் எதற்கு?" என்று கேட்கும் மேதாவிகள் இருக்கிறார்கள். கோவிற்பட்டியிலே தீப்பெட்டித் தொழிலால் வயிறு கழுவும் பெண்களைக் கேட்கட்டும். சீனத்திலிருந்து வந்து குவிந்த மலிவான சிகரெட் லைட்டர்கள் அவர்கள் பிழைப்பில் கைவைத்தன. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை 2023 சூனில் அரசு தடை செய்ய வேண்டி வந்தது. அயல்நாட்டு உறவு என்பது தில்லி மாளிகைக்குள் முடிகிற செய்தியன்று; கோவிற்பட்டிக் குடிசையின் உலைவாய் வரை வருவது.

முத்தையே எடுத்துக்கொள்வோம். சுவாதி மழைத்துளி சிப்பியில் விழுந்து முத்தாகும் என்று நாம் கதை பேசினோம். 13-ஆம் நூற்றாண்டிலேயே சீனத்தார் நன்னீர்ச் சிப்பிக்குள் சிறு புத்தர் உருவை நுழைத்து, அதன்மீது முத்துப்பூச்சு படியச் செய்தனர். நோக்கம் பக்தியாயினும் முறை ஆராய்ச்சி! தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நிகழ்ந்தது. 1973-இல் இதே ஊரில் நம் அறிவியலாளர்கள் முத்து வளர்த்துக் காட்டினர். ஆயினும் அது பெருந்தொழிலாக வளரவில்லை. இன்று உலகின் நன்னீர் வளர்ப்பு முத்துகளில் மிகப்பெரும்பகுதி சீனத்தில் விளைகிறது. முத்தனுப்பிய நாடு முத்து வாங்குகிறது!

கல்லிலே குறித்த தெனவரைக்குக் கிழக்கே, அதே கடற்கரையில் உள்ளது அம்பாந்தோட்டை. அத்துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனத்தின் கைக்குச் சென்றது. வ.உ.சி. 1906-இல் கப்பல் நிறுவனம் கண்ட ஊரிலே, இதன் பொருளை விளக்கத் தமிழில் ஒரு மேடை வேண்டாமா?

அந்த மேடையிலே வழிபாடும் வேண்டாம், வசையும் வேண்டாம். 1919 மே 4-ஆம் நாள் பீகிங் மாணவர்கள் வீதிக்கு வந்ததையும், அக்கால அறிவாளர்கள் பழைமைக்கு எதிராக அறிவியலையும் சனநாயகத்தையும் முன்னிறுத்தியதையும், பண்டித நடையை விட்டுப் பேச்சு நடையில் எழுதியதையும் சொல்லட்டும். ஆறு ஆண்டு கழித்து 'குடி அரசு' கண்ட நமக்கு அது அயலார் கதையாகத் தோன்றாது. 1950-இன் திருமணச் சட்டம் பெண்ணுக்கு வழங்கிய மணவிலக்கு உரிமையைச் சொல்லட்டும். 1959 முதல் 1961 வரை கோடிக்கணக்கானோரைக் கொன்ற பஞ்சத்தையும், தலைவனைத் தெய்வமாக்கிய பண்பாட்டுப் புரட்சி 1966 முதல் 1976 வரை இழைத்த கேட்டையும் மறைக்காமல் சொல்லட்டும். கோயிலை மூடிவிட்டு மனிதனைக் கும்பிடுவது பகுத்தறிவாகாது!

1962-இல் படையெடுப்பு நேர்ந்தபோது, நம் இயக்கம் நாட்டுக் காப்பின் பக்கம் நின்றது. 1963-இல் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. நம் அரசியலையே திருப்பிய நிகழ்ச்சிகளுள் ஒன்று இமயத்திலே நடந்தது. அதன் காரணங்களை அறியாமல் நம் வரலாற்றை நாமே அறிந்ததாகச் சொல்ல முடியாது.

ஆகவே கேட்கிறோம்: பல்கலைக்கழகங்கள் தம் கதவைத் திறக்கட்டும், பேராசிரியர்கள் தமிழில் பேசட்டும், தூத்துக்குடியின் துறைமுகத் தொழிலாளியும் கோவிற்பட்டித் தீப்பெட்டித் தொழிலாளியும் முன்வரிசையில் அமர்ந்து கேள்வி கேட்கட்டும். பல்கலைக்கழகம் தயங்கினால், இளைஞர்களே, நம் படிப்பகங்கள் இருக்கின்றன, மாலை வேளை இருக்கிறது, நாம் தொடங்குவோம். மன்னனுக்கு ஒரு பங்கும் மந்திரத்துக்கு ஒரு பங்கும் கொடுத்த கடற்கரை இது. அறிவிலாவது மூழ்குகிறவனுக்கு முழுப் பங்கு கிடைக்கட்டும்!