கோழியும் கோறணமேந்தும்

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கோணும்."

யாழ்ப்பாணத்தவரை நகையாட விரும்புவோர் முதலில் கையில் எடுப்பது இந்தப் பழமொழியைத்தான். எம்மவர்களும் மேடைகளில் இதனைச் சொல்லித் தம்மைத் தாமே கேலி செய்துகொள்வதுண்டு. இது அடிமை மனப்பாங்கின் வெளிப்பாடு என்று எழுதியவர்கள் பலர். பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், இருபத்திரண்டு வயதின் வேகத்தில், நானும் அவ்வாறு ஒரு கட்டுரை எழுதினேன். என் அப்பு, அதாவது தந்தையின் தந்தை, அதை இருமுறை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தார். அந்த மௌனத்தின் பொருள் விளங்க எனக்கு நெடுங்காலம் எடுத்தது.

பிற நாட்டு வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. கோறணமேந்து என்பது வேறொன்றுமன்று. தமிழ்நாட்டில் கவர்மெண்ட் என்று சொல்லப்படும் அதே சொல், எங்கள் ஊர் நாவில் உருண்டு திரண்ட வடிவம். ஆட்சியாளர் கப்பலேறிப் போன பின்னரும் அவர்களது அலுவலகச் சொற்கள் எங்களிடம் தங்கிவிட்டன. அலுவலகத்தை நாம் கந்தோர் என்போம். அது ஒல்லாந்தரின் 'கந்தூர்'. தபால் கந்தோர் என்பது இன்றும் முதியோர் வழக்கில் உண்டு. உறுதி எழுதுபவர் நொத்தாரிசு, வழக்குப் பேசுபவர் அப்புக்காத்து, காணிப் பதிவேடு தோம்பு. மேசையின் இழுப்பறை லாச்சி. அமர்வதற்கான கதிரை போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. கச்சேரி என்றால் சென்னை அன்பர்களுக்குப் பாட்டு நினைவுக்கு வரும். எங்களுக்கு அது அரசாங்க அதிபரின் பணிமனை.

இதனால் எங்கள் தமிழ் கலப்படமானது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கதிரையை நாற்காலி என்று தூய தமிழில் சொல்லும் தமிழ்நாட்டவர், பூட்டைத் திறக்கும் பொருளைச் சாவி என்கின்றனர். அது போர்த்துக்கேயரின் 'சாவே'. நாங்களோ திறப்பு என்கிறோம்.

பழமொழிக்கு வருகிறேன். ஓர் ஊர் மக்கள் ஏன் இப்படி அரச உத்தியோகத்தின் பின்னால் ஓடினார்கள்? குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. சுண்ணக்கல்லின் மீது படிந்த மெல்லிய மண், துலாவில் இறைக்கும் கிணற்று நீர், தலைமுறைக்குத் தலைமுறை சீதனமாகவும் முதுசமாகவும் துண்டுபட்ட காணி. பெரும்பணம் தந்த ஒரே பயிர் புகையிலை. அது திருவிதாங்கூர்ச் சந்தையை நம்பியிருந்தது. அங்கே வரி கூடினால் இங்கே அடுப்பு அணையும். மழையையும் சந்தையையும் நம்பி வாழ்ந்த ஒருவனுக்கு, மாதம் முடிய வரும் சம்பளமும் முதுமையில் வரும் ஓய்வூதியமும் எப்படித் தோன்றியிருக்கும்?

வாய்ப்பு வேறொரு வழியால் வந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டையில் அவர்களது செமினரி தொடங்கியது. 1833 இன் கோல்புறூக் சீர்திருத்தங்கள் ஆங்கிலம் கற்ற இலங்கையருக்கு அரச சேவையின் கதவைச் சற்றே திறந்தன. கொழும்பில் இடம் போதாதபோது எம்மவர் மலாயாவுக்குக் கப்பலேறினர். அங்கு புகையிரதப் பகுதியிலும் திறைசேரியிலும் எழுதுவினைஞராயினர். யாழ்ப்பாணத்தின் கல்வீடுகள் பல மணியோடர் காசில் எழுந்தவை. 1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையடைந்ததும் கொழும்பு உத்தியோகத்தர் விடுமுறைக்கு ஊர் வந்து போவது எளிதாயிற்று.

கந்தோரில் குனிந்திருந்தவர்கள் வேறெதுவும் செய்யவில்லை என்று எண்ணுவதும் பிழை. வட்டுக்கோட்டையில் கற்று, 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை அரச உத்தியோகத்தில் இருந்தவர். அந்த வாழ்வின் நடுவேதான் ஏடுகளைத் தேடினார். 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார்.

ஆனால் இந்தப் பழமொழியைச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்துள் நுழையவே அனுமதி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கோறணமேந்து எட்டாக்கனி. உள்ளே விடப்பட்டவர்களும் நிலத்திலே இருத்தப்பட்டார்கள். 1929 இல் சம ஆசன நடைமுறை வந்தபோது, அவர்களும் அதே வாங்கில் இருப்பதா என்று கொதித்து எழுந்தவர்கள் அந்நியர் அல்லர், எமது ஊரவரே. எனது முதற் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. அடிமை மனப்பாங்கு பற்றித்தான் எழுதினேன்.

1956 ஏப்ரலில் 'யாழ்தேவி' ஓடத் தொடங்கியது. ஒரே பகலில் கொழும்பிலிருந்து ஊருக்கு! அப்பு அந்த வண்டியைப் பற்றி உற்சாகம் குன்றாமல் பேசுவார். அதே ஆண்டு ஜூன் மாதம் சிங்களம் மட்டும் சட்டம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. ஊருக்குப் போகும் வசதி வந்தது, கொழும்பில் இருக்கும் காரணம் போகத் தொடங்கியது. இரண்டுக்கும் இடையில் இரண்டு மாதங்கள்கூட முழுதாக இல்லை.

அப்பு கொழும்பில் ஒரு திணைக்களத்தில் இலிகிதராக இருந்தார். சிங்களம் நன்றாகப் பேசுவார். கந்தோர் நண்பர்களில் பாதிப்பேர் சிங்களவர். புத்தாண்டுக்கு எங்கள் வீட்டுக்குப் பலகாரம் வரும், இங்கிருந்து பனங்கட்டிக் குட்டான் போகும். 1961 தொடக்கத்தில் சிங்களம் நிருவாக மொழியாக முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது மொழிச் சோதனை எழுதுமாறு நண்பர்கள் அவரை வற்புறுத்தினார்கள். அவர் எழுதினால் சித்தியடைந்திருப்பார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

"பேசத் தெரிஞ்ச பாஷையை, வேலை போகும் எண்டு வெருட்டினாப் போலை நான் ஏன் எழுதிக் காட்டோணும்?" என்று கேட்டாராம். ஐம்பது வயதில் ஓய்வு பெற்றுக்கொண்டு, ஒரு றங்குப்பெட்டியுடனும் சாய்மனைக் கதிரையுடனும் ஊர் திரும்பினார். குறைந்த ஓய்வூதியம், மணமாகாத இரண்டு பெண்பிள்ளைகள். கோறணமேந்து மாப்பிள்ளை தேடிய வீட்டில் கோறணமேந்துத் தகப்பனே இல்லாமற் போனார். மூத்த மாமியின் கலியாணம் ஒன்று அந்த ஆண்டில் குழம்பியது என்பதை நான் மிகப் பிந்தியே அறிந்தேன்.

செலவைச் சமாளிக்க அப்பு வளவின் பின்புறத்தில் கூடு அடித்து வெள்ளை லெகோன் கோழிகள் வளர்க்கத் தொடங்கினார். நான் அறிந்த நாள் முதல் அவரை அந்தக் கோழிகளோடுதான் கண்டிருக்கிறேன். முட்டைக் கணக்கை ஒரு பழைய இடாப்பில், கந்தோர்க் கையெழுத்தில், திகதி தவறாமல் எழுதிவைப்பார். ஆச்சி தவிடு குழைத்தபடியே சொல்லுவா:

"கோழி வந்திட்டுது. கோறணமேந்துதான் இல்லை."

அப்பு சிரிப்பார். அவர் சிரித்ததனால் அது பகிடி என்றே நானும் எண்ணியிருந்தேன்.

1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியின் வாசலை மறித்துச் சத்தியாக்கிரகம் நடந்தது. மொழியுரிமை கேட்டு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். ஏப்ரலில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் இராணுவம் கொண்டு அது கலைக்கப்பட்டது. பின்னர் எழுபதுகளின் தரப்படுத்தல், 1983, யுத்தம். 1990 இல் யாழ்தேவி குடாநாட்டுக்கு வராது நின்றது. 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் வந்தது. இதற்கிடையில் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் வேறு வேறு கோறணமேந்துகளில் வேலைக்கமர்ந்தனர்.

2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்துக்கு முன்பாகப் பந்தல் போட்டு, நூறு நாட்களுக்கும் மேலாக அரச நியமனம் கேட்டு இருந்தார்கள். ஊரில் நின்ற ஒரு நாள் அவர்களைப் பார்க்கப் போனேன். அவ்வழியே சைக்கிளில் வந்த ஒரு முதியவர் நின்று, பதாகையை வாசித்து, என்னைப் பார்த்துப் பழமொழியின் முதற் பாதியை மட்டும் சொல்லிச் சிரித்தார். நான் மறுபாதியைச் சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலும். பந்தலின் கீழே ஒரு பெண்பிள்ளை மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு எம்மிருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை.