ஜெயில் கதவுக்கு வெளியே

சேரன்மகாதேவின்னு சொன்னதும் சரித்திரம் படிக்கிறவங்களுக்கு ஞாபகம் வர்றது குருகுலச் சண்டைதான். தனிப் பந்தி, வரதராஜுலு நாயுடு, பெரியார் என்று அது பெரிய கதை, நிறைய பேர் எழுதியாச்சு. அதிகம் பேசாத விஷயம் ஒண்ணு உண்டு. 1922-ல் அந்தக் குருகுலத்தை ஆரம்பிச்ச வ.வே.சு. ஐயர் அப்போதுதான் பெல்லாரி சிறையில் ஒன்பது மாசம் இருந்துட்டு வெளியே வந்தவர்.

ஜெயிலுக்குப் போன கதையை நாம விலாவாரியா எழுதுறோம். திரும்பி வந்த கதை ரெண்டு வரியில் முடிஞ்சிடுது. தாமிரபரணிக் கரை அந்தக் காலத்துல இப்படித் திரும்பி வந்தவங்களை நிறையவே பார்த்திருக்கு.

முக்கியமான ஆள் வ.உ.சி. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தது எல்லாருக்கும் தெரியும். 1912 டிசம்பரில் கண்ணனூர் சிறையிலிருந்து வெளியே வந்தப்போ அவர் கையில் என்ன இருந்தது? ஒண்ணும் இல்லை. 1906-ல் தொடங்கின சுதேசிக் கப்பல் கம்பெனி மூடப்பட்டு, கப்பல் போட்டிக் கம்பெனிக்கே போயாச்சு. வக்கீல் சன்னது ரத்து. எங்க பாஷையில சொல்லணும்னா, அக்கவுண்டையே டிஸேபிள் பண்ணிட்டு "சரி, இனி நீ போய் வேலை பாரு"ன்னு சொன்ன மாதிரி :)

சென்னைக்குப் போய் சின்னச் சின்ன வியாபாரம் பார்த்தார். குடும்பத்துக்கே கஷ்டம். அப்போ உதவி எங்கிருந்து வந்தது தெரியுமா? தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் அவருக்காகக் காசு சேர்த்து காந்தி மூலமா அனுப்பினாங்க. 350 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அதை வாங்கறதுக்கு 1915-16-ல் காந்திக்கும் அவருக்கும் கடிதம் மேல கடிதம். கடல் தாண்டி யாரோ தன்னை நினைச்சு அனுப்பின பணம், ஆனா கைக்கு வர இத்தனை நாள். தன்மானம் உள்ள மனுஷனுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அடுத்தது தொழில். 1908-ல் பூர்வாங்க விசாரணை நடத்தி அவரை செஷன்ஸுக்கு அனுப்பின ஈ.எச். வாலஸ், பிற்பாடு சென்னை ஹைகோர்ட் நீதிபதி ஆனார். சன்னது திரும்பக் கிடைக்க உதவியதும் அதே வாலஸ்தான். அந்த நன்றிக்காக வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன்னு பேர் வெச்சார். அதுக்கப்புறம்தான் கோவில்பட்டியில் மறுபடி வக்கீல் தொழில்.

எல்லாருக்கும் இப்படி வாய்க்கலை. அதே வழக்கில் தண்டனை பெற்ற சுப்பிரமணிய சிவா தொழுநோயோட வெளியே வந்தார். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏற விடலை, ஊர் ஊராக நடந்தே போனார். 1925-ல் பாப்பாரப்பட்டியில் காலமானார். பாரதிக்கு 1918-ல் கடலூர் சிறைக்கு அப்புறம் கடையம் இருந்தது, அது செல்லம்மாவின் ஊர்.

ஆக, ஒருத்தருக்குக் கடல் கடந்த தமிழர்களும் ஒரு நீதிபதியும், இன்னொருத்தருக்கு மாமியார் ஊர், வேறொருத்தருக்கு வெறும் ரோடு. ஏற்பாடுன்னு ஒண்ணு கிடையாது, அவங்கவங்க அதிர்ஷ்டம்தான்.

இதை ஏற்பாடாகவே செய்யணும்னு அரசாங்கமும் யோசிச்சிருக்கு. 1919-20-ல் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் அமைந்த இந்தியச் சிறைக் கமிட்டி, விடுதலையானவங்களுக்கு உதவி வேணும்னு எழுதி வெச்சது. இன்னைக்கு நன்னடத்தை அலுவலர்கள் இருக்காங்க, விடுதலையான சிறைவாசிகளுக்கான உதவிச் சங்கமும் இருக்கு. ஆனா பாளையங்கோட்டை மத்திய சிறையிலிருந்து வர்ற சாதாரண ஆளுக்கு வேணுங்கிறது ஒரே மாதிரி இருக்காது. ஒருத்தனுக்கு வாடகை வீடு, ஒருத்தனுக்குக் குடியை விட மருந்து, இன்னொருத்தனுக்கு டிரைவிங் லைசென்ஸ். "இவனுக்கு என்ன வேணும்"னு தனித்தனியா கேட்கிற ஆள் வேணும். வாலஸ் செஞ்சதும் அதுதானே.

பணத்தையும் லைசென்ஸையும் விடக் கஷ்டமானது இலை போட்டு உட்கார வைக்கிறது. சேரன்மகாதேவியில் அதுலதான் சறுக்கியது. ஜெயிலிலிருந்து வந்த ஐயர் ஆரம்பிச்ச இடத்துலயே சில பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி நடந்தது. நம்ம தெருவில் ஒருத்தன் ஜெயிலிலிருந்து திரும்பி வந்தா, கல்யாண வீட்டுப் பந்தியில் அவன் பக்கத்துல உட்கார எத்தனை பேர் தயார்?

நீங்க என்ன சொல்றீங்க?